ஒரு கையெழுத்து பாக்கி

கோவில்பட்டியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் எனக்கு ஒரு கடை உண்டு. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தருவேன். லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களும் வண்டிக்குப் பேர் மாற்ற வருகிறவர்களும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். வரிசை என்று ஒன்று கிடையாது. ஆளாளுக்குக் கையை உள்ளே நீட்டி "யக்கா, இத முதல்ல பாருங்க" என்று கத்துவார்கள். யார் சத்தம் பெரிதோ அவர் வேலை முதலில் முடியும். நான் ஒன்றும் பெரிய நியாயஸ்தி இல்லை.

அப்படி ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கும்போதுதான் அவரைப் பார்த்தேன். வெளுத்துப்போன நீலச் சட்டை, நாலு முழ வேட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி வேணும்?"

"அவசரமில்ல தாயி. நீங்க சாப்பிட்டுட்டு வாங்க."

"எப்ப வந்தீங்க?"

"கடை தொறக்கயில."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காலைலருந்து நிக்கியளா? வாயத் தொறந்து கேட்டா என்ன?"

சிரித்தார். "நீங்க பாப்பீங்கன்னு நின்னேன்."

முகம் எனக்குப் பழக்கம்தான். எங்கள் தெருக்காரர். கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். ஒரு தீப்பெட்டி ஆபீஸில், எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், சரக்கு ஏற்றி அனுப்பும் பகுதியில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஓய்வாக இருந்தார். காலையில் வாசலைத் தானே பெருக்குவார். மாலையில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்தித் துடைப்பார். கறுப்பு வண்டி, டேங்கில் சிவப்புக் கோடு. பெண்டாட்டி செத்தவர் என்று பாதித் தெரு சொல்லும். கல்யாணமே பண்ணாதவர் என்று மீதித் தெரு சொல்லும். யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

கேட்டதில்லை என்று நான் சும்மா அளக்கவில்லை. எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில் அவருக்கு எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். அவர் இலையில் சோறு விழுந்தது, சாம்பார் வாளி அவரைத் தாண்டிப் போய்விட்டது. நாங்களெல்லாம் "ஏலே, இங்கன ஊத்துலே" என்று பரிமாறுகிற பையனை விரட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். ரசம் வந்தபோது ரசம் ஊற்றிக்கொண்டார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

இன்னொரு முறை தூத்துக்குடி பஸ்ஸில் பார்த்தேன். மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து நடுவில் ஒரு கட்டைப்பை இருந்தது. அவர் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையை எடுங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே. எட்டயபுரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் பின்னாலிருந்து சத்தம் போட்டேன். தெருவில் தண்ணி வரும் நாளிலும் இதே கதைதான். அவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். பெண்கள் குடத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். கடைசியில் குழாயில் வெறும் காற்றுதான் வரும்.

"அழுத பிள்ளதான் பால் குடிக்கும் அண்ணாச்சி" என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே பதில். "இருக்கட்டும் தாயி. தரணும்னு இருந்தா தருவாவ."

எனக்கு நேர் எதிரான மனிதர். என் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். நான் போனில் அவரைக் கேட்காத கேள்வி கிடையாது. எங்கே இருக்கிறாய், என்ன தின்றாய், எப்போது வருவாய் என்று குடைந்துகொண்டே இருப்பேன். கேட்டால்தான் எனக்கு அவர் இருக்கிறார் என்று இருக்கும். கேட்காமல் ஒரு மனிதர் எப்படி நாளை ஓட்டுகிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அன்றைக்கு அவரைக் கடைக்குள் உட்காரவைத்து உறையை வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஓரம் நைந்த ஆர்.சி. புத்தகம், காலாவதியான இன்சூரன்ஸ், ஒரு இறப்புச் சான்றிதழ். அவ்வளவுதான். முந்தின வாரம் வண்டிச் சோதனையில் மறித்திருக்கிறார்கள். ஆர்.சி.யின் காலம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதிலிருந்த பேரும் இவர் பேர் இல்லை. அடுத்த முறை இப்படியே கண்டால் வண்டியைத் தூக்கிக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"யாரு பேர்ல இருக்கு?"

"மாமனார் பேர்ல. கல்யாணத்துக்கு வாங்கி நிறுத்துனாவ. அவிய தவறிட்டாவ."

"அப்ப வாரிசு கையெழுத்து வேணுமே. மாமனாருக்கு வாரிசு யாரு?"

"ஒரே பொண்ணு. மாமியாரும் இல்ல."

"அந்தப் பொண்ணு எங்க இருக்காவ? உங்களுக்கு என்ன வேணும் அவிய?"

கேட்ட பிறகுதான் நான் கேட்டதன் லட்சணம் எனக்கே உறைத்தது. அவர் லேமினேஷன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "பசுவந்தனைப் பக்கம் ஊரு. என் வீட்டுக்காரிதான்" என்றார்.

நான் உறையிலிருந்த காகிதங்களைத் திரும்ப ஒரு முறை புரட்டினேன்.

வேலை என்னமோ சின்ன வேலைதான். வண்டியை முதலில் மகள் பேருக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம் மகளிடமிருந்து மருமகன் பேருக்கு. நிலப் பட்டாவுக்காக அவர் மனைவி வாரிசுச் சான்றிதழ் எடுத்து வைத்திருப்பார் என்று அவரே சொன்னார். மிச்சம் வேண்டியது அந்த அம்மாவின் கையெழுத்தும், அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும். "போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க, ஒரே நாள் சோலி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உறையை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு தினமும் வந்து சுவரோரம் நின்றார். "கேட்டியளா?" என்பேன். "இல்ல தாயி" என்பார். "போன்லயாவது?" என்பேன். "நம்பர் கிடையாது" என்பார். கட்டின பெண்டாட்டியின் போன் நம்பர் இல்லாத ஒரு மனிதரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வண்டி போய்விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இரவுச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டினேன். ஃபாரங்களையும் மை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, "கெளம்புங்க அண்ணாச்சி, நான் வாரேன்" என்றேன்.

அவர் தம் வண்டியில் முன்னே போனார். நான் ஸ்கூட்டரில் பின்னால். பங்குனி வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடித்த காடுகளில் காய்ந்த செடித்தண்டு, வெறும் மாறு, நின்றது. அந்த ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்ததும் அவர் வண்டி உள்பாதையில் திரும்பாமல், பழகின மாடு தொட்டிக்குப் போவதுபோல, நேராக அங்கிருந்த டீக்கடை வாசலில் போய் நின்றது. கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீனி குறைத்து ஒரு டீயைப் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"இவியள உங்களுக்குத் தெரியுமா?" என்றேன் கடைக்காரரிடம்.

"ஞாயித்துக்கிழம தவறாம வருவாவள்லா. எம்புட்டோ வருசமா. அந்தப் பாதையப் பாத்துக்கிட்டே டீயக் குடிப்பாவ, திரும்பிப் போயிருவாவ. எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். விலக்கிலிருந்து அந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான். இத்தனை வருஷம் இவ்வளவு தூரம் வந்து, அந்தக் கொஞ்சத்தைக் கடக்காமல் திரும்பிப் போயிருக்கிறார். அதை நினைத்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை இரண்டு அடி போடலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

"தாயி, நீங்க முன்ன போங்க" என்றார். முன்பின் தெரியாத ஊருக்குள் நான் முன்னால் போக, அவர் பின்னால் வந்தார்.

வீட்டு முற்றம் முழுக்க மிளகாய்ப் பழம் காய்ந்தது. நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா மிளகாயைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் கால் நின்றது. வந்தது யார் என்று திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மெதுவாகத் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"வாங்க" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டு நாற்காலிகளை நிழலில் இழுத்துப் போட்டார். அண்ணாச்சி உட்காராமல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணி குடிக்கியளா?" என்று என்னை மட்டும் கேட்டு அடுக்களைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

எனக்கு ஒரு டம்ளரில் கொடுத்தார். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் மோந்து தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார். வெயிலில் வந்தவர் வெளியே நிற்கிறாரே என்று நான் அந்தச் செம்பை எடுக்கப் போனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"நீ குடுக்காத. அவிய கேக்கட்டும்."

"தண்ணியக்கூடவா கேக்கணும்க்கா?"

"கேட்டுத்தான் பாக்கட்டுமே. அவிய எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டு எத்தன காலமாச்சு தெரியுமா?" வெளியே கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்துக்கு வண்டி வேணும்னு கேட்டது அவிய அண்ணன். அவியளுக்கு அது தெரியவே தெரியாது. எங்கப்பா நாக்குச் சும்மா இருக்குமா? பந்தியில ஊரு முன்னால, 'மாப்பிள்ள வண்டி கேட்டாவ, வாங்கி நிறுத்தியாச்சு, இன்னும் என்னென்ன கேப்பாவளோ'ன்னுட்டாவ. அவிய இலையில கைய வச்சபடியே இருந்தாவ. அதோட சரி. பெறவு ஒரு செம்புத் தண்ணி எங்கிட்டக் கேட்டதில்ல."

"நீங்க எதுக்குக்கா இங்கன வந்தீங்க?"

"அம்மன் கோயில் கொடைக்கு வந்தேன். கொட முடிஞ்சா, மாப்பிள்ள வந்து 'பொண்ண அனுப்பி வைங்க'ன்னு மாமனார்ட்ட ஒரு வார்த்த கேட்டுக் கூட்டிட்டுப் போவணும். எங்கள்ல அதுதான் முறை. எங்கப்பா 'கேட்டா அனுப்புதேன்'னு இருந்தாவ. அவிய 'அனுப்பணும்னு இருந்தா அனுப்புவாவ'ன்னு இருந்தாவ. நான் நடுவுல ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்பா தவறுன பெறவாவது?"

"கேதத்துக்கு வந்தாவ. அந்தா, அதே மரத்தடியில நின்னாவ. போயிட்டாவ." செம்பின் தட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். "நானாப் போயிருக்கலாம்தான். எனக்கும் எங்கப்பன் ரத்தம்லா ஓடுது."

வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். நான் என் போனில் விண்ணப்பத்தை ஏற்றினேன், அந்த அம்மாவின் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. போனை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். நான் எண்ணைத் தட்டினேன். பிறகு ஃபாரங்களை நாற்காலியில் பரப்பிப் பேனாவைக் கொடுத்தேன். குனிந்து, முத்து முத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். மரத்தடியில் நின்றவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கையெழுத்தும் ஆயிற்று. அந்த அம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேற ஏதும் கேக்கணுமா?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா, முடிஞ்சுது" என்றேன் நான், அவசரக் குடுக்கை. சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கில்லை என்று தெரிந்தது. அந்த அம்மா பேனாவை மூடாமல் இன்னும் கையில் பிடித்திருந்தார். நான் மரத்தடியைப் பார்த்தேன்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். முற்றத்தைப் பார்த்தார்.

"மிளகா நல்லா காஞ்சிருக்கு" என்றார்.

அந்த அம்மா பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

திரும்பும்போது விலக்கு டீக்கடையில் நானே அவர் வண்டியை மறித்து நிறுத்தினேன். "அண்ணாச்சிக்குத் தண்ணி குடுங்க" என்று கடைக்காரரிடம் கத்தினேன். அவர் செம்பை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். சட்டை முன்பக்கம் நனைந்தது. குடித்து முடித்து, செம்பைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவ கையெழுத்து அப்படியே இருக்கு தாயி" என்றார்.

வைய வேண்டும் என்று எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். செம்பைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வண்டியைக் காட்டி, புகைச் சான்று வாங்கி, இன்சூரன்ஸ் போட்டு, எல்லாம் ஒழுங்காக நடந்தது. சித்திரை கழிந்து அவர் பேர் போட்ட புது ஆர்.சி. கார்டு வந்தது. கடைக்கு வரச்சொல்லிக் கையில் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இனிமே எவன் மறிச்சாலும் நெஞ்ச நிமித்திக் காட்டுங்க."

சரி என்றார். ஆனால் போகவில்லை. பழைய இடத்தில், சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். கூட்டம் வந்தது, போனது. ஏதோ யோசனையில் நிற்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். சாயங்காலம் கடையை ஒதுங்கவைக்கும்போதும் நின்றார். நான் ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்ததும் பக்கத்தில் வந்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கட்டா?"

கொக்கியைக் கீழே வைத்தேன். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"கேளுங்க அண்ணாச்சி."

"கையெழுத்து ஏதும் பாக்கி இருக்கா? ஒண்ணாவது?"

கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் கேட்டார். காகிதம் பூர்த்தியாகாமல் இருந்த வரைக்கும் அந்த ஊருக்குப் போக அவரிடம் ஒரு காரணம் இருந்திருக்கிறது. நான் கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றையும் முடித்து அதைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"இருக்கு அண்ணாச்சி" என்றேன். "ஒண்ணு விட்டுப்போச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன்."

என்ன ஃபாரத்தைக் கொடுப்பது? ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இந்த எடத்துல வாங்கிட்டு வாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் வெத்துத்தாளில் கையெழுத்துக் கேட்டால் கூடப் பிறந்தவனையே வாசலோடு அனுப்பிவிடுவார்கள். காடு கரையெல்லாம் போய்விடும் என்ற பயம். அவருக்கும் அது தெரியும். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வண்டியை ஒரே உதையில் கிளப்பினார்.

அடுத்த ஞாயிறு மாலை, நான் கொடுத்துவிட்டு வந்திருந்த நம்பருக்கு அந்த அம்மாவிடமிருந்து போன்.

"ஏட்டி, ஒண்ணும் எழுதாத தாளக் கொண்டாந்து கையெழுத்துக் கேக்காவ. இது என்ன கூத்து?"

"கேட்டாவளா? வாயத் தொறந்து கேட்டாவளா?"

"தாள நீட்டிக்கிட்டு நின்னாவ." கொஞ்சம் சிரித்தார் போல இருந்தது. "நானும் கேக்காமலே தண்ணியக் கொண்டாந்து வச்சேன். குடிச்சாவ."

"கையெழுத்து?"

"போட்டுக் குடுத்துட்டேன். எழுதிக்கிட வேண்டியத நீங்களே எழுதிக்கிடுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அவியளால சொல்லத்தான் முடியாது, எழுதலாம்லா? 'வா'ன்னு எழுதிக் கொண்டாந்து காட்டுனாக்கூடப் போதும் எனக்கு."

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் போனில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். நாக்பூருக்குப் பக்கத்தில் எங்கேயோ வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

நாலைந்து நாள் கழித்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். வழக்கம்போல நின்றார். இருந்த கூட்டத்தை விலக்கி நானே அவரைக் கூப்பிட்டேன். சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, மேஜைமேல் வைத்தார். அடியில் அந்த அம்மாவின் கையெழுத்து. மேலே ஒன்றுமில்லை. அவர் கண் லேமினேஷன் மெஷின் பக்கம் போயிற்று.

எனக்கு விளங்கிவிட்டது. "அண்ணாச்சி, வேண்டாம்" என்றேன். "இதுல நீங்க எழுதணும். அதுக்குத்தான் அக்கா குடுத்துவிட்டிருக்காவ. இந்தாங்க பேனா. ஒரே ஒரு எழுத்து. 'வா'ன்னு எழுதுங்க. நான் வேணா திரும்பிக்கிடுதேன்."

பேனாவை வாங்கினார். தாளுக்கு மேலே பிடித்தார். கூட்டத்தில் யாரோ "யக்கா, எங்களயும் பாருங்க" என்றார்கள். நான் அந்த ஆளை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு பேனாவை எனக்கு முன்னால் மெதுவாக வைத்தார்.

"எழுதி, அவளுக்கு வர இஷ்டமில்லாமப் போச்சுன்னா?" என்றார். "இப்பம் இது நனைஞ்சிரக் கூடாதுல்லா தாயி. மழைக்காலம் வருது."

லேமினேஷன் போட்டுவிட்டால் அந்தத் தாளில் பிறகு யாரும் எதையும் எழுத முடியாது. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். மெஷினைப் போட்டேன். சூடு ஏறியது. தாள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் பளபளவென்று வந்தது. எனக்குக் கண் மறைத்ததால் ஓரத்தைக் கோணலாக வெட்டிவிட்டேன். அவர் அதை வாங்கி, வெளியே போய், வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்து புது ஆர்.சி. கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவு நிறைவான முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிச் சத்தம் கேட்கும். விலக்கு வரைக்கும் போய் வருவார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில், கரிசல் நனைந்து விதைப்புக்கு எல்லாரும் காட்டுக்குப் போயிருந்த வாரத்தில், ஒரு காலை அவர் வாசல் பெருக்காமல் கிடந்தது. தூக்கத்திலேயே போயிருந்தார். அந்த அம்மாவுக்கு நான்தான் போனில் தகவல் சொன்னேன். முதல் பஸ்ஸில் வந்தார். அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்து எத்தனை காலம் ஆயிற்றோ. யாரும் கூப்பிடாமலே வந்தார். எல்லாக் காரியத்தையும் நின்று செய்தார். அழவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்தார். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்து, அந்தத் தாளை என் மேஜைமேல் வைத்தார்.

"எழுதியிருப்பாவன்னுதான் வண்டிப் பெட்டியத் தொறந்தேன்" என்றார். "இதப் பிரிக்க முடியுமா?"

"பிரிச்சா தாள் கிழிஞ்சிரும்க்கா."

அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோணலாக வெட்டிய ஓரத்தை விரலால் தடவினார். எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது.

"ரொம்பப் பத்திரமா வச்சிருந்தாவக்கா" என்றேன்.

"பத்திரமா வைக்கதுக்கா நான் குடுத்தேன்?" என்றார்.